செட்டிநாட்டுல வெளிய சுத்துறதும் இயற்கைக்குக் கெடுதல் இல்லாம இருக்கிறதும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

வெளியூர்ல இருந்துட்டு சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவங்க, திருவிழாவுக்கு மட்டும் வந்து போறவங்க, இங்கயே படிக்கிற பசங்க, இவங்கள்லாம் திரும்பத் திரும்பக் கேக்குறத ஒரே இடத்துல போட்டுரலாம்னுதான் இது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், கானாடுகாத்தான், ராயவரம் சுத்துவட்டாரத்த மனசுல வச்சு எழுதுனது, மத்த ஊருக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன்.

நம்ம ஊரு காஞ்ச பூமி, மலையும் இல்ல ஆறும் இல்ல, வெளிய போய்ப் பாக்க என்னதான் இருக்கு?

நெறையா இருக்குங்க. ஆறு இல்லாத ஊருல எப்படித் தண்ணிய சேத்து வச்சாங்கங்கிறதே பெரிய காட்சிதான, வேற எங்க போனாலும் இப்படி ஊருக்கு ஊரு ஊருணியும் கண்மாயும் கோயில்காடும் (சாமிக்குன்னு வெட்டாம விட்டு வச்ச காடு) கிடைக்காது. குன்றக்குடி மலை காரைக்குடில இருந்து பத்து கிலோமீட்டர் வாக்குலதான் இருக்கு, வெள்ளன ஏறுனா படியில நின்னு சுத்திவர கண்மாயெல்லாம் பாக்கலாம். சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை இருக்கு, அதுதான் பாரியோட பறம்புமலைன்னு சொல்லுவாங்க, அடிவாரத்துல கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில தர்கா, ஏறுறதுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும் ஆனா ஏறணும். புதுக்கோட்டைப் பக்கம் திருமயம் கோட்டை, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா சித்தன்னவாசல்ல சமணர் படுக்கை, நார்த்தாமலை, இதெல்லாம் பாறையும் காத்தும் வானமுமா இருக்கிற இடங்க. இது எதுக்கும் போக முடியலன்னா உங்க ஊரு கண்மாய்க் கரையில சாயந்தரம் நடங்க, அதுவே போதும்.

ஊருணி, கண்மாய் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லங்க, வேற வேற. ஊருணி குடிக்கிறதுக்கு, கண்மாய் வெவசாயத்துக்கு. ஊருணியில குளிக்கக் கூடாது, துணி தொவைக்கக் கூடாது, மாடு எறக்கக் கூடாதுன்னு பழைய கட்டுப்பாடு இருந்துச்சு, சுத்தி செம்புறாங்கல்லுல சுவரு கட்டி படித்துறை வச்சுருப்பாங்க. கண்மாய்க்கு மண்ணுக் கரை, மடை, தண்ணி நெறைஞ்சா வெளிய போறதுக்கு கலுங்கு. ஒரு கண்மாயோட கலுங்குத் தண்ணி அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நெறைஞ்சா அதுக்கடுத்தது, இப்படி சங்கிலியா கோத்து வச்சுருக்காங்க.

ஒரு மழை நாள்ல உங்க தெருவுல விழுற தண்ணி எங்க போகுதுன்னு கூடவே நடந்து பாருங்க. செட்டிநாட்டு ஊர்கள்ல தெரு, வாய்க்கா எல்லாமே வாட்டம் பாத்துப் போட்டது, வீட்டு வளவுல, அதாவது நடு முற்றத்துல, விழுந்த மழ வடிகால் வழியா தெருவுக்கு வந்து அங்கருந்து ஊருணிக்கோ கோயில் குளத்துக்கோ போய்ச் சேரணும். இன்னைக்குப் பாத்தீங்கன்னா பாதி வழியில யாரோ வாசலுக்கு ஏத்தமா சிமிண்டு போட்டு அடைச்சுருப்பாங்க, இல்ல ரோடு போடும்போது மேல மேல ஒசத்திக்கிட்டே வந்ததுல வரத்துக்கால், அதாவது தண்ணி வர்ற வாய்க்கா, புதைஞ்சு போயிருக்கும். ஊருணியில ஏன் தண்ணி நிக்கலன்னு கேக்குறவங்க ஊருணிய மட்டும் பாக்குறாங்க, பாக்க வேண்டியது அந்த வரத்துக்கால. இத நடந்து பாக்காம தெரிஞ்சுக்கவே முடியாது, அதுனாலதான் வெளிய சுத்துறதையும் சுற்றுச்சூழலையும் நான் ரெண்டாப் பிரிச்சுப் பேசுறதில்ல.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு எப்ப போகணும்?

ஐப்பசி கார்த்திகையில மழ பேஞ்சு கண்மாய்ல தண்ணி நின்னதுக்கப்புறம் போங்க, நவம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல நேரம். மழ பொய்ச்ச வருஷம் போனா ஏமாந்துதான் வரணும். திருப்பத்தூர்ல இருந்து மதுரை போற ரோட்டுப் பக்கம், வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டின்னு கண்மாய்களச் சேத்துதான் 1977ல சரணாலயமா அறிவிச்சாங்க, மொத்தம் 38.4 ஹெக்டேர்.

நத்தை குத்தி நாரையத் தேடிப் பாருங்க, அதோட அலகு ரெண்டும் நடுவுல ஒட்டாது, வாய மூடுனாலும் ஒரு சந்து தெரியும், அந்த அலக வச்சுத்தான் நத்தைய ஓட்டுக்குள்ளருந்து எடுத்துத் திங்கும். மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், இராக்கொக்கு, நீர்க்காகம் எல்லாம் பாக்கலாம். விடிகாலைல போங்க, பளிச்சுன்னு சட்டை வேணாம், சத்தம் வேணாம், கரைய விட்டு எறங்கிக் கூடு பக்கம் போய் செல்ஃபி எடுக்கவே வேணாம், ஒரு தடவை பெரிய பறவைங்க மெரண்டு எந்திரிச்சா குஞ்சு வெயில்ல கெடக்கும், காக்கா தூக்கிட்டுப் போயிரும்.

அந்த ஊர்க்காரங்க தீபாவளிக்கு வெடி போடுறதில்லங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். தலைமுறை தலைமுறையா, அவங்க வீட்டுப் புள்ளைங்க உட்பட, பறவைங்க மெரளும்னு விட்டுட்டாங்க. யாரும் சட்டம் போட்டு மெரட்டல. பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு நல்ல உரம்ங்கிறதும் அவங்களுக்குத் தெரியும். அந்த ஊருக்குப் போனா சரணாலயத்த மட்டும் பாத்துட்டுத் திரும்பிராதீங்க, டீக்கடையில உக்காந்து பெரியவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க.

கோயில்காட்டுக்குள்ள போகலாமா? தப்பா எடுத்துக்குவாங்களா?

அந்தந்த ஊரு வழக்கம்தான். சில காட்டுல செருப்புப் போடக் கூடாது, சில எடத்துல பொம்பளைங்க ஒரு எல்லைக்கு மேல போறதில்ல, சில எடத்துல சுள்ளி கூட ஒடிக்கக் கூடாது. ஊருக்குள்ள ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுப் போங்க, ஐயனார் கோயில் பூசாரிகிட்டன்னா இன்னும் நல்லது.

போனீங்கன்னா பொறுமையா பாருங்க. வெளிய ரோட்டுல வெயில் தீயா அடிக்கும், புரவிங்க (ஐயனாருக்கு வச்ச மண்குதிரைங்க) நிக்கிற வரிசையத் தாண்டி நாலடி உள்ள வச்சாலே காத்து மாறிரும். உசிலை, வீரை, பாலை, காயா, குருந்து, காட்டெலுமிச்சைன்னு நம்ம சமவெளியில ஒரு காலத்துல இருந்த காடு எப்படி இருந்துச்சோ அந்த மிச்சம்தான் அங்க நிக்கிறது. காயா மரம் பூத்துருக்கும்போது கொம்போட ஒட்டி ஊதாவும் நீலமுமா கொத்துக் கொத்தா இருக்கும், ஒரு தடவை பாத்தா மறக்காது. இந்த மரங்கள்ல பலது நர்சரில கிடைக்காது, அதுனால கோயில் திருப்பணின்னு சொல்லி இருக்கிற காட்ட வெட்டி கொட்டகையும் சிமிண்டு தளமும் போடுறதப் பாத்தா எனக்கு வயிறு எரியும். சாமிக்கு அந்தக் காடுதான் கோயில், அத வெட்டிட்டுக் கட்டுறது என்ன திருப்பணி?

வெயில், பாம்பு இதுக்கெல்லாம் என்ன பண்றது?

பங்குனில இருந்து ஆனி வரைக்கும் காலைல ஒம்பது மணிக்குள்ள வீடு திரும்பிருங்க, இல்ல அஞ்சு மணிக்கு மேல கெளம்புங்க. தலைக்குத் துண்டு, கையில தண்ணி, நீர்மோர் இருந்தா இன்னும் நல்லது.

பாம்பு இருக்கத்தான் செய்யும், நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நாலுமே நம்ம பக்கம் உண்டு. கால மூடுற செருப்பு, இருட்டுனா டார்ச், கல்லுச் சந்துக்குள்ள கைய விடாம இருந்தா போதும். கடிச்சுருச்சுன்னா கத்தியால கீறுறது, வாய வச்சு உறியுறது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுறது எதுவும் வேணாம், கடிபட்ட கைய கால அசைக்காம வச்சு 108க்குப் போன் போட்டு நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. விஷமுறிவு ஊசி இந்த நாலு பாம்புக்கும் சேத்தே ஒண்ணுதான், அதுனால பாம்ப அடிச்சுத் தூக்கிட்டுப் போகணும்னு நேரத்த வீணாக்காதீங்க.

கருவ மரத்த எல்லாம் வெட்டிரணும்னு சொல்றாங்களே, வெட்டலாமா?

எந்தக் கருவைன்னு மொதல்ல பாருங்க! சீமைக்கருவை வெளிநாட்டுல இருந்து வந்தது, அது கண்மாயையும் வரத்துக்காலையும் அடைச்சுக்கிட்டு மத்த எதையும் மொளைக்க விடாது. நாட்டுக் கருவேல மரம் நம்ம மரம், கண்மாய்க்குள்ள தண்ணியில நிக்கும், அதுலதான் நாரையும் கொக்கும் கூடு கட்டும். நாட்டுக் கருவேலத்துப் பூ மஞ்சள் உருண்டையா பொட்டுப் பொட்டா இருக்கும், காய் மணி கோத்த மாதிரி நடுநடுவுல இறுகி இருக்கும், முள்ளு வெள்ளையா நீளமா ஜோடியா வரும். சீமைக்கருவையோட பூ திரி மாதிரி நீளமா தொங்கும், காய் இறுக்கம் இல்லாம பட்டையா மஞ்சளா இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாத ஆளக் கூட்டிட்டு வந்து ஜேசிபி விட்டா ரெண்டும் சேந்து போயிரும், அப்புறம் பறவை எங்க வரும்.

சீமைக்கருவைய மேலாக்க வெட்டுனா பத்து கெளையா திரும்ப வரும், வேரோட எடுக்கணும், எடுத்த எடத்துல ஒடனே வேற மரம் வைக்கணும். அது விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் ஏழைபாழைங்களுக்கு வருமானமா இருக்குங்கிறதையும் மறந்துராம ஊரோட பேசி முடிவு பண்ணுங்க.

என்ன மரம் வைக்கலாம்?

வேம்பு, புங்கை, பூவரசு, நாவல், இலுப்பை, தண்ணி ஓரத்துல மருதம். கண்மாய்க் கரைக்குப் பனை, அதுக்கு மிஞ்சி எதுவும் இல்ல. ஆவணி புரட்டாசியில பனம்பழம் விழும்போது கொட்டையப் பொறுக்கி பத்தடிக்கு ஒண்ணா ஒரு சாண் ஆழத்துல புதைச்சு விட்டா ஐப்பசி மழைக்கு அதுவா வேர் விட்டுரும், தண்ணி ஊத்த வேண்டியதில்ல வேலி போட வேண்டியதில்ல, வளர ரொம்ப வருஷம் ஆகும் அவ்வளவுதான். தைல மரத்த மட்டும் வேணாம்னு சொல்லுவேன்.

தாத்தா கட்டுன வீடு இருக்கு, ரொம்ப வேகுது, ஏசி போடாம ஏதாச்சும் பண்ண முடியுமா?

அந்த வீடு வேகுதுன்னா யாரோ நடுவுல எதையோ மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். மொதல்ல வளவு வாசல அண்ணாந்து பாருங்க, மேல பிளாஸ்டிக் ஷீட்டோ தகரமோ போட்டு மூடியிருக்கா? பாதி வீட்டுல அதான் காரணம். வளவு தெறந்து இருந்தாத்தான் சூடான காத்து மேல போகும், முகப்புப் பக்கமிருந்தும் பின்கட்டுப் பக்கமிருந்தும் குளுந்த காத்து உள்ள வரும், மூடுனீங்கன்னா பட்டாலையே, அதாவது வளவ ஒட்டுன கூடமே, அடுப்பாயிரும். குரங்கு வருது, திருட்டுப் பயம்னா கம்பிவலை போடுங்க, காத்த அடைக்காதீங்க.

அடுத்தது சுவரு. பழைய செட்டிநாட்டுப் பூச்சு சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணி, முட்டை வெள்ளைக்கரு போட்டு அரைச்சுத் தேய்ச்சது, கையால தடவுனா இன்னைக்கும் பளிங்கு கணக்கா வழுவழுன்னு குளுந்து இருக்கும். அதுக்கு மேல சிமிண்டு பூசுறது, பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கிறது ரெண்டும் செய்யாதீங்க, சுவருக்குள்ள இருக்கிற ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பிப் பொரிஞ்சு பூச்சோட கழண்டு வந்துரும். ஒடைஞ்ச எடத்த சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார வச்சு சுண்ணாம்பாலயே பாருங்க, கூலி கூடத்தான், ஆனா நிக்கும்.

பழைய வீட்ட இடிச்சு விக்கிறோம், சாமான என்ன பண்றது?

இடிக்காம இருக்க வழி இருந்தா இடிக்காதீங்க. வழியே இல்லன்னா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய நிலை, கதவு, பர்மா தேக்குத் தூண், பீங்கான் ஜாடி, எனாமல் பாத்திரம் எல்லாம் வாங்கி விக்கிற கடைங்க இருக்கு. புது வீடு கட்டுறவங்களும் அங்க போய்ப் பாருங்க, நூறு வருஷம் வெளைஞ்ச தேக்கு அங்க நிக்கும்போது புதுசா ஒரு மரத்த ஏன் வெட்டணும்.

புது வீட்டுக்கு ஆத்தங்குடி கல்லு நல்லதா, வெளியூரு டைல்ஸ் நல்லதா?

ஆத்தங்குடி கல்லுன்னுதான் நான் சொல்லுவேன், ஊருப் பாசத்துக்காக இல்ல. செராமிக் டைல்ஸெல்லாம் சூளையில ஆயிரம் டிகிரிக்கு மேல சுட்டு எடுக்கிறது. ஆத்தங்குடி கல்லுக்கு நெருப்பே கிடையாது. ஒரு நாள் அங்க பட்டறைக்குப் போய்ப் பாருங்க: கண்ணாடிய அடியில வச்சு, மேல இரும்புச் சட்டமும் டிசைன் அச்சும் வச்சு, கலர் கலந்த சிமிண்டுக் கொழம்ப ஒவ்வொரு கட்டத்துலயும் கரண்டியால ஊத்துவாங்க, அச்சத் தூக்குனதும் கலரு ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு நிக்கும் கலக்காது, மேல காஞ்ச சிமிண்டும் மணலும் தூவி, அதுக்கு மேல கலவை வச்சு இழுத்து விட்டு, காய வச்சு, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு எடுப்பாங்க. கண்ணாடியில இருந்து கல்லு பிரியும்போது அந்தப் பளபளப்போடயே வரும், பாலிஷ் மெஷினெல்லாம் இல்ல. சிமிண்டு இருக்கத்தான் செய்யுது, அது சுத்தமா கெடுதல் இல்லாததுன்னு சொல்ல மாட்டேன், ஆனா சூளையும் இல்ல, தூரத்துல இருந்து லாரியும் இல்ல, பக்கத்து ஊரு ஆளுங்களுக்குக் கூலி. போட்ட பிறகு ஆசிட் ஊத்திக் கழுவாதீங்க, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால அப்பப்ப தொடைச்சா நடக்க நடக்க மெருகு ஏறும்.

மழைத்தண்ணி சேக்குறதுக்குப் பெருசா செலவாகுமா?

ஆகாது. கணக்கு ஒண்ண மட்டும் மனசுல வைங்க, 100 சதுர மீட்டர் கூரையில 1 சென்டிமீட்டர் மழ பேஞ்சா 1,000 லிட்டர். சேதாரம் போனாலும் ஒரு நல்ல அடைமழையில தொட்டி நெறைஞ்சுரும். 2003லயே தமிழ்நாடு பூரா எல்லா வீட்டுலயும் கட்டாயம்னு கொண்டு வந்தாங்க, பல வீட்டுல அந்தக் குழாய் இன்னும் இருக்கு, அடியில குழி மட்டும் தூந்து கெடக்கும். புரட்டாசி முடியிறதுக்குள்ள அந்தக் குழிய தோண்டி மண்ண அள்ளிட்டு புது சரளையும் மணலும் போடுங்க, மாடியக் கூட்டி விடுங்க, மொத மழையை வெளிய விட்டுட்டு ரெண்டாவது மழையில இருந்து பிடிங்க. பழைய வீட்டுல வளவு மூலைக்கு மூலை தூம்புக்குக் கீழ அண்டா வச்சுப் பிடிச்சாங்கல்ல, அதேதான்.

எங்க வீட்டுல கல்யாணம், ஆயிரம் பேரு சாப்புடுவாங்க, பிளாஸ்டிக் இல்லாம முடியுமாக்கா?

முடியும்ப்பா. ஆயிரம் பேருக்கு எலை போட்டு செம்புல தண்ணி ஊத்தி பந்தி நடத்துன ஊருதான இது. தண்ணி பாட்டில்தான் பெரிய குப்பை, அதுல பாதிய ஒரு வாய் குடிச்சுட்டு வச்சுட்டுப் போயிருவாங்க. எவர்சில்வர் டம்ளர வாடகைக்கு எடுங்க, கழுவ நாலு பேருக்குக் கூலி குடுங்க, பாட்டில் செலவ விட அது கம்மியாத்தான் வரும். பேப்பர் கப்புன்னு நெனச்சு வாங்குறதுலயும் உள்ள பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாடு அரசு தடை பண்ணுன 14 வகை பிளாஸ்டிக்ல அதுவும் உண்டு.

தாம்பூலத்துக்கு ஓலைக்கொட்டான் (பனையோலைக் கூடை) குடுங்க, நம்ம பக்கத்துப் பொம்பளைங்க பின்னுறது, வாங்குனவங்க வீட்டுல வருஷக்கணக்கா இருக்கும். மஞ்சப்பையும் நல்லதுதான். எலைய மட்டும் தனியா சேத்து மாட்டுக்கோ உரக்குழிக்கோ அனுப்புங்க, எலையோட டம்ளரும் பாலிதீனும் கலந்துச்சுன்னா மாடு அதையும் சேத்துத் தின்னு செத்துப் போகும்.

பழனி பாதயாத்திரை போறோம், என்ன கவனிக்கணும்?

தை மாசம் குன்றக்குடில கூடி காவடியோட நடக்குறது பல தலைமுறையா வர்றது, நம்ம ஊருக்காரங்க நடக்குற நடையில இதுதான் பெரிய நடை. வழியெல்லாம் நத்தம், திண்டுக்கல் பக்கம் வயல் ஓரத்துல நாம விட்டுட்டுப் போற பாட்டிலும் கப்பும் நம்ம போன பிறகு அந்த ஊருக்காரங்கதான் அள்ளணும். ஆளுக்கு ஒரு டம்ளர் இடுப்புல தொங்கட்டும். அன்னதானம் போடுறவங்க எலையிலயோ தொன்னையிலயோ குடுங்க, பக்கத்துல பெரிய கூடை ஒண்ணு வச்சு ஒரு ஆள நிறுத்துங்க, கூடை கண்ணுல பட்டா ஜனங்க போடத்தான் செய்றாங்க.

குப்பைய வாசல்ல எரிக்கிறது காலங்காலமா பண்றதுதானே?

அப்ப எரிச்சது சருகு. இப்ப எரிக்கிறது பாலிதீன், பேம்பர்ஸ், வயரு. அந்தப் பொகை ஒங்க வீட்டுப் புள்ளைக்குத்தான் மொதல்ல போகும். சருகையும் எரிக்காதீங்க, கொல்லையில ஒரு குழி போட்டு சருகு மூணு பங்கு, காய்கறிக் கழிவு ஒரு பங்கு, கொஞ்சம் சாணித் தண்ணின்னு அடுக்கடுக்கா போட்டு ஈரம் காயாம பாத்துக்கிட்டா ரெண்டு மூணு மாசத்துல உரம்.

சோலார் போடலாமா?

தாராளமா. பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் 78,000 ரூபா மானியம். ஆனா நாட்டு ஓட்டுக் கூரை மேல ஏத்தாதீங்க, ஓடு ஒடையும், ஒழுகும். பின்கட்டுல தளம் போட்ட எடத்துல வைங்க. அப்புறம், நம்ம ஆச்சிமாருங்க மொட்டை மாடியில வத்தல் வடகம் காயப் போடுறாங்கல்ல, அதுவும் சோலார்தான், அத விட்டுறாதீங்க.

கார் இல்லாம செட்டிநாடு சுத்திப் பாக்க முடியுமா?

முடியும். சென்னையில இருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேரா காரைக்குடிக்கு வருது. அங்கருந்து டவுன் பஸ், பொம்பளைங்களுக்கு சாதாரண டவுன் பஸ்ல 2021ல இருந்து டிக்கெட்டே கிடையாது. மேடு பள்ளம் இல்லாத பூமி, சைக்கிள் எடுத்தா கானாடுகாத்தான் 15 கிலோமீட்டர் வாக்குல, காலைல போய்ட்டு வெயில் ஏறுறதுக்குள்ள வந்துரலாம். கார்ல போறவங்களுக்கு வீடு மட்டும்தான் தெரியும், சைக்கிள்ல போனா ஊருணியும் தெரியும்.

எங்க ஊரு ஊருணியச் சுத்தம் பண்ணலாம்னு பசங்க சேந்துருக்கோம், யார்கிட்ட கேக்கணும்?

நல்லாருங்கய்யா. ஊருணின்னா ஊராட்சித் தலைவர்கிட்ட எழுதிக் குடுங்க, டவுனுக்குள்ளன்னா நகராட்சி இல்ல மாநகராட்சி, பெரிய கண்மாய்னா நீர்வளத்துறை, கோயில் குளம்னா கோயில் நிர்வாகம். அனுமதி இல்லாம மண்ண மட்டும் அள்ளாதீங்க, அது மணல் கேஸ் ஆயிரும். குப்பை பொறுக்கவும் படித்துறையில மொளைச்ச செடி புடுங்கவும் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். சுவத்துக் கல்லுக்கு நடுவுல மொளைச்ச அரசங்கன்ன இழுத்துப் புடுங்குனா கல்லோட வரும், அத வெட்டி வேருல மருந்து வைக்கத் தெரிஞ்ச ஆள வச்சுச் செய்யுங்க. வேலைய சித்திரை வைகாசியில தண்ணி வத்தி இருக்கும்போது ஆரம்பிச்சு, மொதல்ல வரத்துக்கால், அப்புறம் ஊருணின்னு போங்க, ஆவணிக்குள்ள முடிச்சுருங்க.